இ-டெண்டர்: அரசு தயார், நீங்கள் தயாரா?

விருத்தாசலத்தில் மின் இணைப்புகளுக்கான பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஓர் அரசு அலுவலகம் டெண்டர் கேட்டால், முன்பு அதன் உரிமையாளர் 200 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய்ப் படிவம் வாங்க வேண்டும். பிறகு உறையை ஒட்டிப் பெட்டியில் போட வேண்டும். யார் யார் போட்டார்கள் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். இப்போது இதை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடலாம். இதுதான் இ-டெண்டர்.

இதற்கு சாஃப்ட்வேர் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். டெண்டர்கள் வெளிப்படையாக நடக்கத் தமிழக அரசு 1998-ல் சட்டம் இயற்றியது. 2000-ல் வந்த மத்திய தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையெழுத்தை ஏற்றுக்கொண்டது. தென் கொரியா 2002-லும், ஆந்திரா 2003-லும் இந்த முறைக்கு வந்தன. தமிழக அரசின் 'டிஎன்டெண்டர்ஸ்' தளம், தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய சாஃப்ட்வேரில் இயங்குகிறது.

'நான் போட்ட விலையை முன்கூட்டியே யாராவது பார்த்துவிட்டால்?' என்ற பயம் வேண்டாம். உங்கள் விலை பூட்டிய நிலையில்தான் சர்வருக்குப் போகிறது. குறித்த நேரம் வந்தபின், ஒன்றுக்கு மேற்பட்ட அதிகாரிகள் தங்கள் டிஜிட்டல் சாவிகளைப் பயன்படுத்தினால்தான் திறக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

1. உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். பென் டிரைவ் போன்ற யுஎஸ்பி டோக்கனில் கிடைக்கும். அதன் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். காலாவதி தேதியைக் குறித்து வையுங்கள்.

2. தளத்தில் பெயரைப் பதிவு செய்து, டோக்கனை உங்கள் கணக்குடன் இணையுங்கள்.

3. ஆவணங்களைக் கறுப்பு வெள்ளையில், 100 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து பிடிஎப் ஆக்குங்கள். பைல் சிறியதாக இருந்தால் அப்லோட் சீக்கிரம் முடியும்.

4. விலைப்பட்டியல் எக்ஸெல் பைலாக வரும். உங்களுக்கு விட்ட கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். பைலின் பெயரையோ அமைப்பையோ மாற்றினால் தளம் அதை ஏற்காது.

5. கடைசி மணி நேரம் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் கடிகாரம் அல்ல, சர்வரின் கடிகாரமே கணக்கு. மின்சாரம் போனது, நெட் கிடைக்கவில்லை என்ற காரணங்கள் எடுபடாது. முந்தின நாளே அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

அரசு தளம் திறந்ததோடு வேலை பாதிதான் முடிந்தது. சிறு பட்டறைக்காரர் பதிவு செய்யாவிட்டால், பெட்டி இருந்த காலத்தில் டெண்டர் எடுத்த அதே சிலர்தான் இப்போதும் எடுப்பார்கள். டெண்டர் அறிவிப்புகளைப் பார்க்க டோக்கனோ பதிவோ தேவையில்லை. இன்றே தளத்தைத் திறந்து, உங்கள் தொழிலுக்கான டெண்டர் ஒன்றைத் தேடிப் படித்துப் பாருங்கள்.