வெந்தயமும் நம் பொறுப்பும்



ரமலானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது அரிசி, பருப்போடு வெந்தயமும் சேர்க்கிறோம். பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு அது இதம் என்பது நம் முன்னோரின் அனுபவம். அரபியில் இதற்கு ‘ஹுல்பா’ என்று பெயர். எகிப்தில் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். யமனில் நுரைக்க அடித்து உணவின் மீது ஊற்றி உண்கிறார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்க இதைக் கொடுக்கும் வழக்கம் அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 751) ‘ஸாதுல் மஆத்’ நூலில், வெந்தயத்தை நீரில் காய்ச்சினால் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இதம், இருமல் தணியும் என்று எழுதுகிறார்கள்.

ஆனால் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வெந்தயத்தின் பயனை அறிந்தால் மக்கள் தங்கத்தின் எடைக்கு எடை கொடுத்து வாங்குவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்களாம். இமாம் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) இதை இட்டுக்கட்டப்பட்டவற்றில் சேர்த்துள்ளார்கள். இப்னுல் கய்யிம் (ரஹ்) இதை மருத்துவர் சிலரின் கூற்றாகவே தருகிறார்கள்.

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இதை ஹதீஸ் என்று நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஊறவைத்த வெந்தயத்தை மட்டும் சாப்பிட்டு வந்தார். காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை. கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. “நபி சொன்னதைத்தானே ஹஜ்ரத் செய்தேன்?” என்று கேட்டார். அந்தச் செய்தி எனக்கும் வந்திருந்தது. படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வெந்தயத்தின் வழவழப்பான நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கும். அது துணை, மாத்திரைக்கு மாற்று அல்ல. மாத்திரையோடு அதிகமாகச் சாப்பிட்டால் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடவும் கூடும். எனவே மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் சமையலில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஸஅத் (ரலி) அவர்கள் நெஞ்சு நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழ மருந்தைச் சொன்னார்கள். கூடவே ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லும்படியும் சொன்னார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மருத்துவரை நாடுவது தவக்குலுக்கு முரணானது அல்ல.

எனவே அன்பர்களே! ஹதீஸ் என்று ஒரு செய்தி வந்தால், பிறருக்கு அனுப்புமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நபியவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் பரப்புவது சாதாரணப் பாவமல்ல.

அல்லாஹ் நம் நாவையும் உடலையும் பாதுகாப்பானாக! ஆமீன்.