பாடப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஐந்து கட்டையில் பாடும் பெண் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது அவருடைய குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 390 முறை மோதி அதிர்கின்றன. ஈரம் குறைந்தால் உரசல் கூடும். மேடையேறும் நேரத்தில் குடிக்கும் தண்ணீர் நாண்களைத் தொடுவதில்லை. உணவுக்குழாயில் இறங்கி, ரத்தத்தில் கலந்த பிறகே பலன் தரும். அதனால் காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். வெந்நீர் ஆவியோ மூச்சோடு சேர்ந்து நேரே நாண்களை நனைக்கும்.

அடிக்கடி செருமாதீர்கள், ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பதும் சிரமமே, பேசாமல் இருப்பதே மேல். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் வயிற்று அமிலம் மேலேறிக் காலையில் குரல் கரகரக்கும்.

சுருதியில் வீம்பு கூடவே கூடாது. உங்களுக்குப் பிடித்த பாடகரின் கட்டை உங்கள் குரலுக்கு ஒத்துவர வேண்டும் என்பதில்லை. குரல் உடையும் வயதுப் பையன்களை உச்ச ஸ்தாயிக்கு விரட்டாதீர்கள், பெற்றோர்களே!

அகில இந்திய வானொலி தேர்வில் தேறுவோருக்கு பி, பி ஹை, ஏ, டாப் எனத் தரம் தருகிறது. விண்ணப்பிக்குமுன் தம்புராவோடு பாடி, செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். பாடும்போது தெரியாத சுருதி விலகல் அப்போது தெரியும்.

கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.