ஆறுமணிக் குருவியைக் கவனிப்போம்

இடம்பெயர்ந்து வந்து புதிய மண்ணில் தோட்டம் தொடங்கும் நாம், அங்கே நமக்கு உதவும் உயிர்களையும் அறிந்திருக்க வேண்டும். மாத்தளைப் பகுதியில் கொக்கோ, மிளகு, பலா நிற்கும் வீட்டுத்தோட்டங்களுக்கு வரும் ஆறுமணிக் குருவி அவற்றுள் ஒன்று. சிங்கள அயலவர் இதை 'அவிச்சியா' என்பர்.

அடையாளம்: பச்சை முதுகு, கட்டை வால், கண்ணோரம் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. விடியலிலும் அந்தியிலும் கூவும். இந்தியாவில் குஞ்சு பொரித்து, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் கடல் கடந்து வரும். ஏப்ரல் அளவில் திரும்பிவிடும்.

உணவு: நிலத்தில் தத்திச் சென்று, சருகைச் சொண்டால் புரட்டி, வண்டு, எறும்பு, புழுக்களைப் பொறுக்கும். மண்புழுவையும் தின்னும்.

நாம் செய்ய வேண்டியது: பாம்புக்குப் பயந்து முற்றத்தைக் கூட்டுவது சரியே. ஆனால் மரத்தடிச் சருகை எரித்தால் குருவிக்கு இரை இல்லை. மண்ணின் ஈரமும், காசில்லாமல் கிடைக்கும் பசளையும் போய்விடும். பூச்சிமருந்து அடித்தால், அது பட்ட பூச்சியைத் தின்னும் குருவிக்கும் கேடு.

பயிற்சி: குருவி வரும் மாதங்களில் ஒரு வாரம், காலையில் கால் மணி நேரம், பிள்ளைகளுடன் அசையாமல் இருந்து பார்ப்போம். சருகுள்ள இடத்தில் எத்தனை தரம் இரை எடுத்தது, கூட்டிய இடத்தில் எத்தனை தரம் என்று கொப்பியில் குறிப்போம். அந்தக் கணக்கைப் பார்த்த பின்பே தீப்பெட்டியை எடுப்பதா என்று முடிவு செய்வோம்.