பூட்டும் திறவுகோலும்

நுழையும் முன்

முன்னோர் ஓலையில் எழுதிக் காத்த செய்திகள் இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அவற்றைக் காக்கும் முறையைப் பல்கலைக்கழகங்கள் தனிப்பாடமாகக் கற்பிக்கின்றன. அப்பாடத்தின் அடிப்படைகளை இவ்வுரைநடை அறிமுகப்படுத்துகிறது.

இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்ட வேலை முடிந்து வீடு திரும்பிய தாயின் கைப்பேசி ஒலிக்கிறது. "வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் கணக்கு முடங்கப் போகிறது. இப்போது வந்த ஆறு எண்களைச் சொல்லுங்கள்" என்கிறது ஒரு குரல். குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் அதனைப் படிக்கத் தெரிந்தவள் எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் மட்டுமே. தாய் கைப்பேசியை அவளிடம் நீட்டுகிறார். அந்தக் கணக்கில் இருப்பது ஓராண்டுக் கூலியின் சேமிப்பு.

எண்களைப் படித்துச் சொல்லலாமா? இவ்வினாவுக்கு விடை தருவது தகவல் பாதுகாப்புக் கல்வி. வாளையாற்றைக் கடந்து கோவைக்குச் செல்லும் வழியில், எட்டிமடையில் அமைந்த அமிர்தா பல்கலைக்கழகத்தில் இணையப் பாதுகாப்பு முதுநிலைப் படிப்பு உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் தகவல் பாதுகாப்பு அறிமுக வகுப்புகளை என்.பி.டெல். வழியே எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம்.

இத்துறையின் முதற்பாடம் மூன்று பண்புகளைப் பற்றியது. அவை மறைகாப்பு, மாறாமை, கிடைத்தல் என்பன. புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய், கணினி வழியே ஏலம் விடப்படுகிறது. அங்கே உழவரின் வங்கிக் கணக்கு விவரம் பிறர்க்குத் தெரியாதிருத்தல் மறைகாப்பு. வணிகர் கேட்ட விலையில் ஓர் எண்ணும் மாறாதிருத்தல் மாறாமை. ஏல நேரத்தில் கணினி முடங்காமல் இயங்குதல் கிடைத்தல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் உழவரின் உழைப்புக்குப் பயன் கிட்டாது.

மாறாமையின் அருமையைத் தமிழர் முன்பே உணர்ந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையை விளக்குகிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். அதனை வாங்குபவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என விதித்தனர். விரித்த கையில் வேறோர் ஓலையை ஒளித்து வைக்க இயலாதன்றோ?

அடுத்த பாடம் மறையாக்கம். செய்தியைப் பிறர் படிக்க இயலாத வடிவத்திற்கு மாற்றுவதே மறையாக்கம். 1977ஆம் ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் ஒரு புதுமுறையைக் கண்டனர். அதில் பூட்டுவதற்கு ஒரு திறவுகோலும் திறப்பதற்கு மற்றொன்றும் உண்டு. பூட்டும் திறவுகோலை ஊரறியக் கொடுக்கலாம். திறக்கும் திறவுகோலை உரியவர் மட்டுமே வைத்திருக்க வேண்டும். இதன் வலிமை எளிய கணக்கு ஒன்றில் உள்ளது. 61, 53 என்னும் இரு பகா எண்களைப் பெருக்கினால் 3233 கிடைக்கும். ஆனால், 3233ஐ மட்டும் கொடுத்து, அவ்விரு எண்களைக் கண்டறியச் சொன்னால் நெடுநேரம் ஆகும். உண்மையான பயன்பாட்டில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்கள் கையாளப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிவது இன்றைய கணினிகளுக்கும் அரிது.

மூன்றாவது பாடம் வலையமைப்பு பற்றியது. எல்லைச் சோதனைச்சாவடியில் ஊர்தியை நிறுத்தி, எங்கிருந்து வருகிறது, எங்குச் செல்கிறது என வினவுவர். அதுபோலக் கணினிக்குள் வரும் தரவுகளை ஆராய்ந்து, தகாதவற்றைத் தடுப்பது தீயரண். எனினும் உள்ளிருப்பவரே மறைசொல்லைப் பிறரிடம் கூறிவிட்டால் தீயரணால் என்ன செய்ய முடியும்?

வரலாறும் இத்துறையில் ஓர் ஆசிரியனே. 1988 நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தாமே பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். அது எளிய கடவுச்சொற்களை ஊகித்தும், மென்பொருள்களின் பிழைகளைப் பயன்படுத்தியும் பரவியது. அவர் எண்ணியதைவிட மிகுதியாகப் பெருகி, ஆயிரக்கணக்கான கணினிகளைத் தளரச் செய்தது. தடுக்கும் வழியைக் கூறும் எச்சரிக்கை ஒன்று அவருடைய நண்பர் வழியே அனுப்பப்பட்டது. ஆனால், நெரிசலால் அது உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. தீங்கு நேர்ந்தால் விரைந்து அறிவிக்க ஓர் அமைப்பு வேண்டும் என உலகம் அன்று உணர்ந்தது. இந்தியாவில் செர்ட்-இன் என்னும் அமைப்பு 2004 முதல் இப்பணியைச் செய்து வருகிறது.

இடுக்கியின் அச்சிறு வீட்டில், மகள் குறுஞ்செய்தியை இறுதிவரை படிக்கிறாள். "இதனை எவரிடமும் பகிர வேண்டாம்" என்று அதிலேயே எழுதியிருக்கிறது. "வங்கி இதைக் கேட்காது, அம்மா" என்று கூறி அழைப்பைத் துண்டிக்கிறாள். தாயின் முகம் வாடுகிறது. "நேற்றும் ஒருவர் கேட்டார், கண்ணு. பக்கத்துத் தம்பியைப் படிக்கச் சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்வாய் என்று சொல்லவில்லை" என்கிறார்.

மகள் கோபிக்கவில்லை. உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கிறாள்; வங்கிக்கும் தெரிவிக்கிறாள். ஏமாற்றியவனே நாணவேண்டியவன், ஏமாந்தவர் அல்லர். நாணி மறைக்கும் ஒவ்வொரு மணியும் திருடனுக்கே உதவும். பூட்டு எவ்வளவு வலிதாயினும், திறவுகோலை வைத்திருப்பவரின் விழிப்பே காவல்.

சொல்லும் பொருளும்

மறையாக்கம் – செய்தியைப் பிறர் அறியாத வடிவில் மாற்றுதல்
பகா எண் – 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும், 1ஐவிடப் பெரிய எண்
தீயரண் – தகாத தரவுகளைத் தடுக்கும் அமைப்பு
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு
நாணுதல் – வெட்கப்படுதல்

பயிற்சி

1. பிரித்து எழுதுக: குடவோலை, தீயரண், மறையாக்கம்.
2. தகவல் பாதுகாப்பின் மூன்று பண்புகளை உம் பள்ளி மதிப்பெண் பட்டியலைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
3. ஓலையை விரித்த கையில் வாங்கச் செய்ததன் காரணம் யாது?
4. தாய் முதல்நாள் நடந்ததை மறைத்தது ஏன்? மகள் நடந்துகொண்ட முறை பற்றி உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
5. செயல்பாடு: கைப்பேசி அழைப்புகளில் பின்பற்ற வேண்டிய மூன்று விதிகளைப் பெற்றோருடன் பேசி, தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுக.