விளிம்பைத் திருப்பிப் பாருங்க

உங்க வீட்டுப் பரண்லயோ பழைய டிரங்குப் பெட்டியிலயோ ஒரு வெள்ளி வில்லை கிடக்குதா? ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒரு ஆள், கூடவே 1914, 1918 என்று இரண்டு வருடங்கள் இருக்கும். இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் இதைப் படிச்சிடுங்க.

போன பொங்கலுக்கு எங்க பெரியப்பா வீட்டில் அப்படி ஒண்ணு கிடைச்சது. "நகைக்கடையில கொடுத்தா கொலுசுக்கு ஆகும்"னு பெரியம்மா சொன்னாங்க. தப்பில்ல, அதில் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வெள்ளி இருக்கு. ஆனால் அதோட முகத்தை விட்டுட்டு விளிம்பைப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஓர் எண், 'சேப்பர்' என்ற பதவி, ஒரு பெயர், பிறகு படைப்பிரிவின் சுருக்கெழுத்து. அந்தச் சுருக்கெழுத்தை விரித்தால் விக்டோரியா மகாராணியின் பெயர் கொண்ட இரண்டாம் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பெங்களூரில் இருந்த, மெட்ராஸ் சேப்பர்ஸ்னு எல்லாரும் சொல்கிற பிரிவு. பாலம் கட்டுவது, பதுங்குகுழி தோண்டுவது, சாலை போடுவது இவங்க வேலை. அதாவது நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்க!

இதுக்குப் பெயர் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். முதல் உலகப் போர் முடிந்ததும் 1919-ல் அறிவிக்கப்பட்டது. வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம் அடித்தார்கள். வெண்கலத்தில் சுமார் 1,10,000. வெண்கலம் யாருக்கு? துப்பாக்கி தூக்காமல் மூட்டை தூக்கிய, மண் வெட்டிய கூலிப்படையினருக்கு. இந்தியர், சீனர், மால்ட்டாக்காரர் என்று பலர் அதில் உண்டு. அச்சு ஒண்ணு, உலோகம் வேற. பதக்கத்திலும் சம்பளப் பட்டியல் பார்த்திருக்காங்க!

வெள்ளியா இருந்ததே இந்தப் பதக்கத்துக்கு வினையாப் போச்சு. 1979-80-ல் வெள்ளி விலை எகிறியபோது பிரிட்டனிலேயே ஏராளமான பதக்கங்களை உருக்கிட்டாங்க. அதனால்தான் இன்று சேகரிப்பாளர்களிடம் ஜோடியை இழந்த வெற்றிப் பதக்கங்கள் நிறைய இருக்கு. வெற்றிப் பதக்கம் வெண்கலம். சிறகு விரித்த பெண் உருவமும் வானவில் நிற ரிப்பனும் அதன் அடையாளம். அதைத் தனியாக யாருக்கும் கொடுத்ததில்லை. ஆகவே தனியாகக் கிடந்தால், கூட இருந்தது தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

போர்ப் பதக்கம் அப்படி இல்லை. பொதுவாக, கடல் கடந்து பணிக்குப் போனாலே அது கிடைக்கும். வெற்றிப் பதக்கம் வேணும்னா போர்க்களப் பகுதிக்குள்ளேயே போயிருக்கணும். இங்கேதான் நான் மாட்டிக்கிட்டேன். எங்க சேப்பர் தாத்தாவுக்குப் போர்ப் பதக்கம் மட்டும்தான் இருக்கு. வெற்றிப் பதக்கம் தொலைந்ததா, இல்லை அவர் களத்துக்கே போகலையா? மெசபடோமியாவில் (இன்றைய இராக்) சண்டை போட்டார்னு வீட்டில் சொல்றாங்க. பதக்கம் அதை 'இல்லை'ன்னு சொல்லலை, 'ஆமா'ன்னும் சொல்லலை.

இதனால்தான் பதக்கத்தைவிடக் காகிதம் முக்கியம்னு சொல்வேன். போர்க்கள நாட்குறிப்புகளைக் கம்பெனி வாரியா எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம விளிம்பிலோ கம்பெனி எண் இல்லை. படையிலிருந்து விடுவித்த சான்றிதழ் கிடைத்தால் கம்பெனி, ஊர், தகப்பனார் பெயர் தெரிய வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் வீரர்களுக்கே இந்தச் சிக்கல் இருக்கு. 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுவீச்சில் போர் அலுவலகக் கிடங்கு எரிந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் சாம்பலாச்சு. தப்பியவற்றை இன்னும் 'எரிந்த ஆவணங்கள்' என்றுதான் அழைக்கிறார்கள். பதக்கம் வழங்கியதைக் குறித்த அட்டைகள் தப்பின. கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவற்றின் நகல்கள் இருக்கின்றன.

காகிதத்தை நம்பும்போதும் கொஞ்சம் நிதானம் வேணும். போர் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டதற்கான சான்றிதழ் ஒன்று உண்டு. கீழே சர்ச்சில் கையெழுத்து இருக்கும். அடேங்கப்பானு குதிக்காதீங்க, அது அச்சு. அப்போது அவர் போர்த்துறை அமைச்சர். அதே மாதிரி, காயத்தாலோ நோயாலோ விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 செப்டம்பரிலிருந்து வெள்ளியில் ஒரு போர் பேட்ஜ் கொடுத்தார்கள். சாதா உடையில் தெருவில் நடந்தால் கோழைன்னு சொல்லிப் பெண்கள் வெள்ளை இறகைக் கையில் திணித்த காலம் அது. அந்த அவமானத்திலிருந்து காப்பாற்றத்தான் பேட்ஜ். அதன் பின்பக்கம் உள்ள எண் பேட்ஜின் எண். படைவீரர் எண்ணுன்னு நினைச்சுத் தேடி நாள் கணக்கில் வீணடிச்சவங்க உண்டு.

போலியும் நிறைய. பழைய பெயரை அரம் போட்டு அழித்துவிட்டு, விலை போகும் வேறொரு பெயரை வெட்டிவிடுவார்கள். லேப்ல இருக்கிற வெர்னியர் காலிப்பர் இதுக்குத்தான் உதவும். பதக்கத்தின் விட்டம் 36 மி.மீ. நாலு திசையில் அளந்து பாருங்க. எங்காவது குறைந்தால் சந்தேகப்படலாம்.

நம்ம ஊர்ப் பெயர்களில் இன்னொரு தலைவலி. முனுசாமியை ஒரு குமாஸ்தா 'மூனசாமி' என்பார், இன்னொருவர் 'முனிசாமி' என்பார். குடும்பப் பெயர் கிடையாது. அதனால் தேடும்போது பெயரை ஓரமா வச்சுட்டு, எண்ணையும் படைப்பிரிவையும் பிடிச்சுக்கோங்க.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்னு கேட்கலாம். இராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னம் இருக்கிறது. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் அதிகமானோருக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக அங்கே பொறிக்கப்பட்டன. இந்தியர்களிலோ அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கை போட்டு முடித்துவிட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இந்தப் பாகுபாட்டுக்காக 2021-ல் மன்னிப்புக் கேட்டது. வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டும் எண்ணிக்கையைத்தான் சொல்கிறது: போருக்குப் போனவர் 277, உயிர் விட்டவர் 14. பெயர்கள் இல்லை. கல்லில் இடம் கிடைக்காத சிப்பாய்க்குப் பதக்கத்தின் விளிம்பில் ஒரு இடம் கிடைச்சிருக்கு. அதைத்தான் நாம உருக்கக் கொடுக்கிறோம்.

கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீங்க, பாலிஷும் வேண்டாம், எழுத்து மழுங்கிடும். வெளிச்சத்தைச் சாய்வா விட்டு விளிம்பைச் சுற்றிலும் போட்டோ எடுங்க. ரிப்பன் கிழிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க. வெளிநாட்டுக்காரருக்கு விற்கலாம்னு ஆசை வந்தால், நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

எங்க பெரியம்மா இப்போ அந்தப் பதக்கத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வச்சிருக்காங்க. டிரங்குப் பெட்டியின் அடியில் செல்லரித்த ஒரு காகிதக் கட்டு இருக்குதாம். செமஸ்டர் முடிஞ்சதும் முதல் வேலை அதுதான்.