வரைபடத்தில் நம்ம கடைப் பெயர்

தைத்த சட்டை, பாடசாலைப் பை, மிளகாய்த்தூள், பிறந்தநாள் கேக் என்று வீட்டில் செய்ததைப் போனில் படம் பிடித்து இணையத்தில் விற்கிற பெண்பிள்ளைகள் இப்போது லயங்களிலும் இருக்கிறார்கள். சிலர் பேஸ்புக் பக்கத்தோடு நிற்கிறார்கள். சிலர் தனியாக இணையக் கடையே திறந்திருக்கிறார்கள். கஷ்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்: தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் வாங்கி முடிந்தபின் புது ஆள் வருவதில்லை.

அந்தப் புது ஆள் எங்கே தேடுகிறார்? ஹட்டன் டவுனில் ஒரு தாய், பிள்ளைக்கு உடுப்புத் தைக்க வேண்டுமென்றால் போனை எடுத்து "பக்கத்தில் தையல் கடை" என்று கூகுளில் அடிக்கிறார். வரைபடமும் அதோடு சில கடைப் பெயர்களும் வருகின்றன. முன்பு டெலிபோன் புத்தகத்தில் மஞ்சள் பக்கம் இருந்ததல்லவா, அதைப் போன்ற பட்டியல்தான் இது. பெயர் போடக் காசு கிடையாது. 'கூகுள் மை பிஸ்னஸ்' என்று சொல்லிவந்ததை 2021இல் 'பிஸ்னஸ் புரொஃபைல்' என்று மாற்றினார்கள். யாராவது பழைய பெயரில் சொல்லிக்குடுத்தால் குழம்ப வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். இணையத்தில் மாத்திரம் விற்று, வாங்குகிறவரை நேரில் காணாத கடைக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. இது கூகுளின் விதி. ஓடர் எடுத்துக் கூரியரில் அனுப்புவதோடு சரி என்றால் சேராது. ஆனால் அளவெடுக்க நீங்கள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறீர்களா, செய்த கேக்கை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்களா, அப்படியென்றால் சேரும். டவுனில் ஓர் இடம் பிடித்து, பெயர்ப்பலகை மாட்டி, சொன்ன நேரத்தில் ஆள் நின்றாலும் சேரும். ஆகவே முதலில் யோசிக்க வேண்டியது, "நாம் வாடிக்கையாளரை எங்கே சந்திக்கிறோம்" என்பதை. அந்தச் சந்திப்பை வைத்துத்தான் பெயர் ஏறும். பெயரைப் பார்த்து வருகிறவர் அங்கிருந்து உங்கள் இணையக் கடைக்குப் போகலாம்.

லயத்தில் இருக்கிற நமக்கு விலாசம் பெரிய தலையிடி. வீட்டு இலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசன் பெயரும் எழுதினால் கடிதம் ஆபீசுக்கு வரும். அங்கிருந்து நம்ம கைக்கு எப்போது வரும் என்பது வேறு கதை. இதற்கு வழி உண்டு. வீட்டுக்கு வாடிக்கையாளர் வராவிட்டால் விலாசத்தை மறைத்துவிட்டு, நீங்கள் போய்வருகிற ஊர்களை மாத்திரம் காட்டலாம். 20 இடங்கள் வரை போடலாம். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று உண்மையாகவே போகிற ஊர்களைப் போடுங்க. போகாத கொழும்பைப் போட்டுப் பிரயோசனமில்லை. பெண்பிள்ளைகள் தனியே இருக்கிற வீட்டை வரைபடத்தில் ஊருக்கெல்லாம் காட்டாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயமும் கூட.

அடுத்தது, நீங்கள் உண்மையான ஆளா என்று கூகுள் சோதிக்கும். எந்த வழியில் என்பதை அவர்களே சொல்வார்கள். போனில் குறியீடு வரலாம், வீடியோ கேட்கலாம். வீடியோ என்றால் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே தடவையில் எடுக்க வேண்டும். தையல் மெசின், வெட்டிவைத்த துணி, கடைப் பெயர் போட்ட பை எல்லாவற்றையும் காட்டுங்க. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்த பத்திரம் இருந்தால் அதுவும் நல்ல சாட்சி. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் வீடியோவில் விழ வேண்டாம். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்திலிருந்து அனுப்புங்க, பாதியில் நின்றால் மறுபடி எடுக்க வேண்டிவரும்.

"நாங்க போட்டுத் தாறோம், இவ்வளவு காசு" என்று வருகிறவர்களிடம்தான் கவனம் வேண்டும். உதவிக்குக் கூலி கொடுப்பது பிழையில்லை. ஆனால் அவருடைய ஈமெயிலில் பெயரைத் திறந்தால் சொந்தக்காரர் அவர்தான். நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் கடைப் பெயரும் போன் நம்பரும் வாடிக்கையாளர் எழுதிய நல்ல வார்த்தைகளும் அவர் கையில். உங்கள் சொந்த ஈமெயிலில் திறந்து, உதவி செய்கிறவரை 'மேனேஜர்' என்று மட்டும் சேருங்க. போனுக்கு வந்த குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, கூகுளிலிருந்து பேசுகிறோம் என்றாலும்.

பெயரை உள்ளபடி எழுதுங்க. "ஹட்டன் மலிவு நம்பர் வன் தையல்" என்று நீட்டினால் விதிக்கு மாறு. யாரை மேலே காட்டுவது என்று தீர்மானிக்கக் கூகுள் பார்ப்பது மூன்று: தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை. தூரம் நம்ம கையில் இல்லை. தொழில் வகையைச் சரியாகத் தெரிவுசெய்வதும், சொந்தமாக எடுத்த படங்களைப் போடுவதும் நம்ம கையில் இருக்கிறது. வெப்சைட் என்ற இடத்தில் இணையக் கடையின் முகவரியைக் கொடுங்க. பேஸ்புக்குக்கு வேறு இடம் உண்டு. கூகுள் முன்பு இலவசமாகச் செய்துகொடுத்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அந்தப் பழைய முகவரி உங்கள் பில்லிலோ பையிலோ அச்சாகி இருந்தால் மாற்றுங்க.

வாங்கினவரிடம் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம். அதற்காக விலை குறைத்துத் தருவதும், மச்சான் மச்சினியை வைத்து எழுதுவிப்பதும் கூடாது; பிடிபட்டால் நீக்கிவிடுவார்கள். குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல், "அக்கா, கை இறுக்கம் என்று எழுதினீங்க, கொண்டு வாங்க, பிரித்துத் தைத்துத் தாறேன்" என்று பதில் போடுங்க. அடுத்து வருகிறவர் குறையோடு அந்தப் பதிலையும் வாசிப்பார்.

தைப்பொங்கல், தீபாவளி நாட்களில் வேலை இல்லையென்றால் முன்கூட்டியே அந்த நாட்களுக்கு 'மூடியிருக்கும்' என்று குறித்துவிடுங்க.