கைத்தொழிற் கல்வியும் கைவினைஞரும்

1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை மையமாகக் கொண்டே பாடங்களைக் கற்பிக்க வேண்டுமெனக் காந்தியடிகள் வலியுறுத்தினார். ஜாகிர் உசேன் குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தக்ளியில் நூற்கும் மாணவன், நூலை அளக்கையில் கணக்கையும், பருத்தி விளையும் நிலத்தை அறிகையில் புவியியலையும் கற்பான் என்பதே இதன் அடிப்படை.

கோத்தாரி கல்விக் குழு (1964-66) ‘பணி அனுபவம்’ என்றது. 1977இல் ஈசுவரபாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்றது. பெயர்கள் மாறினும், பல பள்ளிகளில் அது ஒப்புக்கு நடைபெறும் பாடவேளையாகவே நின்றது. காரணம் எளிது: சான்றிதழ் பெற்ற ஆசிரியருக்குத் தொழில் தெரியாது, தொழில் தெரிந்த கைவினைஞருக்குச் சான்றிதழ் இல்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 10 நாள்கள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பயில வழிசெய்கிறது. இது நல்ல தொடக்கம். ஆனால், பத்து நாளில் களிமண்ணை அறிமுகம் செய்துகொள்ளலாம். சக்கரத்தில் கை பழகாது. வாரந்தோறும் நிலையான பாடவேளை, மூலப்பொருளுக்கு நிதி, கைவினைஞருக்கு மதிப்பூதியம் ஆகிய மூன்றும் தேவை. குயவர் ஆசிரியராக வகுப்பில் நிற்கும்போதுதான், அவர் பிள்ளைக்கும் பிறர் பிள்ளைக்கும் உழைப்பின் மதிப்பு ஒருங்கே விளங்கும்.